எரிவாயுவில் ஒளிரும் தீவு

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அணை கட்டிப் பெருமளவில் மின்சாரம் எடுக்கப் பேராறு இல்லை. காற்றாலைக்குப் போதிய காற்றும் இல்லை. 1992இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையத்துக்கு எரிவாயு வரத் தொடங்கியது. 2001இல் இந்தோனேசியாவின் நத்துனாவிலிருந்து கடலடிக் குழாய் வந்து சேர்ந்தது. 2013 முதல், உறைகுளிரில் திரவமாக்கிய எரிவாயு ஜூரோங் தீவுக்குக் கப்பலிலும் வருகிறது.

எரிவாயு மின்நிலையங்களில், எரியும் வாயு முதல் டர்பைனைச் சுழற்றுகிறது. வெளியேறும் புகையில் அப்போதும் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். அதை வானில் வீணாக விடாமல் நீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் இன்னொரு டர்பைனை ஓட்டுவதே இந்நிலையங்களின் உயிர்நாடி. எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் மின்சாரமாகிறது. கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளை மழைமேகம் மறைக்கும்போது, விரைவாக உற்பத்தியைக் கூட்டி ஈடுகட்டவும் இவை உதவுகின்றன.