வழவழப்பான சுவர் வேண்டுமா?

(அமைப்பியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு)

"சிவில் படிக்கிற பையன் பெயிண்ட் அடிக்கிறதைப் பத்தி என்னடா கட்டுரை எழுதுறான்?" என்று சிரிப்பவர்கள், போன வருஷம் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவின் நிச்சயதார்த்தத்திற்குப் பத்தே நாள். அம்மா சீட்டு எடுத்த பணம் கையில். ஆளைக் கூப்பிட்டால் கூலி அதிகம், நான்தான் படித்தவனாயிற்றே! கீழே பெயர்ந்திருந்த பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு வைத்துப் பூசினேன். நாலாம் நாள் பட்டி பார்த்தேன். ஆறாம் நாள் இரண்டு கோட் எமல்ஷன். நிச்சயதார்த்தத்தன்று சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கல்யாணம் தை மாதம். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போயிற்று. மார்கழியில் பார்த்தால் பெயிண்ட் அப்பளம் போல உப்பி நிற்கிறது. விரலால் தொட்டால் உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பீரோவை இழுத்துப் போட்டு அந்த இடத்தை மறைத்தாள். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை!

எங்கள் தெருவில் வெகு காலமாகப் பெயிண்ட் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, சொவத்துக்கு ஜொரம் அடிக்கையில மூஞ்சிக்கு பவுடர் பூசிப்புட்டீங்களே!" என்றார். கோடையில் அவரோடு சேர்ந்து அந்தச் சுவரைத் திரும்பச் செய்தேன். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜுரத்தைப் பார்ப்போம். நம் காரைக்கால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலும் வயலும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத பழைய வீடுகளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியாக அந்த ஈரம் மேலே ஏறும். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. பூச்சுக்கும் பெயிண்டுக்கும் நடுவே படிகமாகி, விரிந்து, பெயிண்டைத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் சுவர் வியர்ப்பதும் வெயில் காலத்தில் பூப்பதும் இதனால்தான். கடல் மணலில் பூசினாலோ, உப்புத் தண்ணீரால் நனைத்தாலோ கேட்கவே வேண்டாம், நோயை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம்.

பழைய காலத்தில் இந்தக் கடற்கரையில் இதற்கு வழி இருந்தது. நம் மீனவக் கிராமம் ஒன்றின் பெயரே கிளிஞ்சல்மேடு! கிளிஞ்சலைச் சுட்டு நீர்த்த சுண்ணாம்புக்கு மூச்சு விடும் குணம் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழி விடும். அதற்காகச் சுண்ணாம்பு என்றால் சொரசொரப்பு என்று எண்ண வேண்டாம். சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் பளிங்கோ என்று மயங்கிய பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சுதான். மெல்ல மெல்லப் பல அடுக்கு பூசி, கடைசி அடுக்கில் நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, தயிர் போன்றவை சேர்த்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இந்த மாதிரிச் சுவர்களை இன்றும் தடவிப் பார்க்கலாம். பெயிண்டே கிடையாது. மினுமினுப்பு முழுக்க அந்தத் தேய்ப்பில் வந்தது. அவ்வளவு பொறுமை இன்றைக்கு யாருக்கு இருக்கிறது?

சரி, நம் கதைக்கு வருவோம். அண்ணன் முதலில் பிரஷைத் தொடவே இல்லை. ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். ஈரத் தடம் தெரிகிற உயரத்துக்கு மேலும் ஓர் அடி விட்டு, என் சிமெண்டுப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்தோம். பூத்திருந்த உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். இதுகூடத் தெரியாமல்தான் நான் அன்று வாளி வாளியாக ஊற்றியிருந்தேன். சித்திரை வெயிலில் வெறும் செங்கல்லாகக் காயவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில், ஆற்று மணலில், சுண்ணாம்புக் கலவை பூசினோம்.

சிமெண்டுப் பூச்சானால் ஒரு வாரம் நீர் விட்டு, அதன்பின் குறைந்தது நாலு வாரம் உலரவிட வேண்டும். புதுச் சிமெண்டில் காரம் மிக அதிகம், பி.எச். 12-க்கு மேல். அது பெயிண்டின் பசையைக் கெடுத்து நிறத்தையும் வெளுக்கும். நான் கொடுத்தது மூன்று நாள்!

மேற்பாதிச் சுவரில் வேறு வில்லங்கம். அப்பா காலத்திலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை, அடுக்கடுக்காக. உள்ளங்கையால் தேய்த்தால் கையில் மாவு ஒட்டுகிறது. அந்த மாவின்மேல் எதை ஒட்டினாலும் மாவோடு சேர்ந்து வந்துவிடும். பட்டித் தகட்டால் அத்தனையும் சுரண்டினோம். இரண்டு நாள் போயிற்று, தோள்பட்டையும் போயிற்று.

பட்டி என்பது சமன் செய்ய மட்டும்தான், குழியை அடைக்க அல்ல. பெரிய குழியைக் கலவையால் அடைத்துவிட வேண்டும். வெள்ளைச் சிமெண்டுப் பட்டிக்குச் சுவரை லேசாக நனைத்து, கட்டியில்லாமல் குழைத்து, முதல் கோட் கீழிருந்து மேலாக, இரண்டாவது குறுக்காக. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். தடியாக வைத்தால் வெடிக்கும்.

அடுத்து உப்புத்தாள். (உப்புச் சுவருக்கு உப்புத்தாள், பொருத்தம்தான்!) நம்பர் கூடக் கூட நைசு. 120, பிறகு 220, கடைசியில் 320. தேய்க்கும் ரகசியத்தை அண்ணன் ராத்திரியில் காட்டினார். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பல்பை ஒயரோடு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து, சுவர் சேற்று வயல் மாதிரி தெரிந்தது! மேட்டையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, காலையில் அதை மட்டும் தேய்த்தோம். பளபளப்பான பெயிண்ட் இந்த மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். மங்கலான மேட் வகை மறைக்கும். பழைய வீட்டுக்கு மேட் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டாமல் நின்றேன். அண்ணன் அதட்டினார். அவர் இருமல் எங்கள் தெருவுக்கே தெரியும். துணி கட்டாமலே பல வருஷம் தேய்த்தவர். சாதாரணத் துணியைவிட நல்ல முகமூடி வேண்டும். பழைய எனாமல் பெயிண்டானால் இன்னும் ஆபத்து, ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-இல்தான். அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல்களைக் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். தூளைக் கூட்டி மூட்டை கட்டணும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

தூசியைத் துடைத்து பிரைமர் ஒரு கோட். பிரைமர் இல்லாவிட்டால் பட்டி ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சி, திட்டுத் திட்டாகத் தெரியும். எமல்ஷனில் தண்ணீர் அளவு டப்பாவிலேயே போட்டிருக்கிறது. கண்ணளவில் ஊற்றினால் முதல் வாளிக்கும் இரண்டாம் வாளிக்கும் நிறம் மாறும். ஓரங்களைப் பிரஷால் அடித்து, அது காயுமுன் ரோலர் ஓட்ட வேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைக்கு மூலை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போகணும். நடுவில் நிறுத்தினால் காய்ந்த விளிம்பின்மேல் ஈரம் ஏறி, கோடு விழும். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை!

எங்கள் சுவரின் கீழ் மூன்றடிக்கு அண்ணன் எமல்ஷனே அடிக்கவில்லை. வடிகட்டிய சுண்ணாம்பு மட்டும் மூன்று கோட். "ஈரம் வர்றத நம்ம நிறுத்த முடியாது தம்பி. வந்தா போறதுக்கு ஒரு வாசல் விட்டு வைப்போம்" என்றார். இந்த மழையில் அங்கே லேசாகப் பூத்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டு, பொங்கலுக்கு மறுபடி ஒரு கை அடித்தேன். தலைப் பிரசவத்துக்கு அக்கா வந்திருக்கிறாள். அம்மா பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொல்லிவிட்டாள்.