பழைய கணினிக்குப் புதிய நினைவகம் வேண்டுமா?

தமிழகத்துக்கு அப்பால் வாழும் அன்பர் பலர் இல்லங்களில், பத்தாண்டுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும். அது நாளடைவில் சோர்ந்து, நாம் காப்பி அருந்தி முடித்த பிறகே கண் விழிக்கும் நிலைக்கு வருமாயின், "ரேம் போடுங்கள்" என்று எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்வர். அம்மருந்து இந்நோய்க்கு ஏற்றதுதானா?

சித்தூரிலிருந்து வரும் சாலை திருப்பதிக்கும் பீலேருக்குமாகப் பிரிகின்ற புத்தலப்பட்டில் வசிக்கும் யானும் அதனை நம்பினேன். மொழிபெயர்ப்பு வேலைக்கென 2014-இல் வாங்கிய என் கணினியில் 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தது. திருப்பதிக்குச் சென்று இன்னும் ஒரு 4 ஜிகாபைட் பட்டை வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் அது பொருந்தவில்லை! கணினி டிடிஆர்3 வகை, பட்டையோ டிடிஆர்4. முன்னதற்கு 240 தொடுமுனைகள், பின்னதற்கு 288. இடையிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். வலிந்து அழுத்தினால் தாய்ப்பலகை பழுதாகும். வகையைக் குறித்துச் செல்லாதது என் பிழை, விற்றவரும் வினவவில்லை.

முதலில் செய்திருக்க வேண்டியதை அதன் பின்னரே செய்தேன். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பது நூற்றுவீதக் கணக்கில் தெரியும். வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு இதனைப் பார்த்தல் வேண்டும். நினைவகம் 90-ஐத் தாண்டி நிற்குமானால், இடமின்றித் தவிக்கும் கணினி, மிச்சத்தை வன்தட்டில் எழுதி எழுதி எடுக்கிறது என்று பொருள். சுழலும் வன்தட்டோ, ஒரு செய்தியைத் தேடியெடுக்க நினைவகத்தைப் போல் ஏறத்தாழ லட்சம் மடங்கு நேரம் கொள்வது. அந்நிலையில் நினைவகம் கூட்டுவது தகும். என் கணினியில் கண்டது வேறு. நினைவகம் 65, வன்தட்டு 100! குற்றவாளி இருக்க, அயலானைப் பிடிக்கச் சென்றிருக்கிறேன். வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தியபின் கணினி சுறுசுறுப்புற்றது. நினைவகம் அதே 4 தான்.

இயங்குதளம் 32 பிட் வகையாயின், வீட்டுக் கணினியில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் போடுவது பெரும்பாலும் வீணே. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கோ நினைவகம் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏற்கப்பட்ட செயலியும் வேண்டும். இவை இல்லாத கணினிக்கு எத்தனை பட்டை செருகினும் அவ்வாயில் திறவாது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு.

விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால் 2025 இறுதியில் விலை வெகுவாக ஏறிற்று. பழைய டிடிஆர்3 பட்டைகளைக் கைமாற்றாக விற்கும் கடைகள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி, தில்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. சாலை, மும்பை லாமிங்டன் சாலை ஆகிய இடங்களிலும் உண்டு. அங்குச் செல்வோர், தாய்ப்பலகையின் பெயரையும் இப்போதுள்ள பட்டையின் வகையையும் ஒரு தாளில் எழுதிச் செல்க. கூடுமானால் பழைய பட்டையையே கையில் கொண்டு செல்க.