எட்டு மணித்தியாலப் பாதையில் தேயும் மருந்து

மன்னார்க் கரையின் திருக்கேதீஸ்வரத்திலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் என்று சுற்றிக்கொண்டு பஸ் போய்ச் சேர ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். அதே பாதையில் எதிர்த்திசையாக, கொழும்பிலிருந்து மன்னாருக்கு, ஈயப் பெட்டியில் வைத்துச் சில கதிரியக்க மருந்துகளை அனுப்புவதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தைரொயிட் நோய்க்குக் கொடுக்கும் அயடின்-131 அந்த எட்டு மணித்தியாலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் குறையும். புரொஸ்ரேட் புற்றுநோய்க்குத் தரும் லுட்டீசியம்-177 மூன்றரைப் பங்கு குறையும். எலும்பு ஸ்கேனுக்கு வேண்டிய தெக்னீசியம்-99எம் நூற்றுக்கு நாற்பதுதான் மிஞ்சும். பெற் ஸ்கேனுக்கான புளோரின்-18 இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அணு மருத்துவம் என்றதும் இயந்திரத்தின் விலையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால், மன்னார்க் கரையில் இருப்பவருக்கு இந்தத் துறையில் எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பதை விலைக்கு முன்னரே முடிவுசெய்வது இந்தத் தேய்வுக் கணக்கு. மாதோட்டம் துறைமுகமாக இருந்த காலத்து வணிகருக்கு இது புதிய செய்தியல்ல. அதே இடத்தில், மாந்தை அகழ்வில் கிடைத்த சீனத்து மட்பாண்டங்கள் கெட்டுப்போகாத சரக்கு என்பதால்தான் அவ்வளவு கடல் தாண்டி வந்தன.

சி.ரி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உடலின் வடிவத்தைக் காட்டுகின்றன. கட்டி இருக்கிறதா, எத்தனை அங்குலம், எதை அழுத்துகிறது என்பதெல்லாம் அவற்றில் தெரியும். அந்தக் கட்டி உயிர்ப்போடு இருக்கிறதா, சிகிச்சைக்குப் பிறகு எஞ்சிய வெறும் தழும்பா என்பது வடிவத்தை மட்டும் வைத்துப் பல வேளைகளில் புரியாது. வீட்டின் சுவர்களை வரைபடம் காட்டும். எந்த அடுப்பு எரிகிறது என்பதை அது காட்டாது. அணு மருத்துவம் தேடுவது அந்த நெருப்பை. உடலின் ஒரு குறிப்பிட்ட உறுப்போ கலமோ விரும்பி உறிஞ்சும் பொருளொன்றில் மிகச் சிறிதளவு கதிரியக்க அணுவை ஒட்டி ஊசியால் ஏற்றுகிறார்கள். அது எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கிருந்து வெளிப்படும் காமாக் கதிரைக் கமரா பிடிக்கிறது. எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. இங்கே உள்ளிருந்து வெளியே வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதிலிருந்துதான் இந்தத் துறை முழுவதும் விரிகிறது. அந்த அணு காமாக் கதிரோடு சில மில்லிமீற்றர் தூரமே பாயும் பீற்றாக் கதிரையும் வெளிவிடுமானால், பார்த்த இடத்தையே சுட்டுவிடவும் முடியும். நோயைக் காட்டும் மருந்தும் கொல்லும் மருந்தும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த எண்ணத்தின் மிகப் பழைய சான்று தைரொயிட் சுரப்பி. கழுத்தில் இருக்கும் இந்தச் சிறு சுரப்பி உணவிலுள்ள அயடினைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொள்ளும். அயடின் போதாவிட்டால் அது வீங்கிக் கழலையாகும். அதைத் தடுக்கத்தான் இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் உணவு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக இருக்கிறது. கடல்நீரில் அயடின் உண்டென்றாலும், மன்னார் உப்பளத்து வெயிலில் விளையும் உப்புக் கல்லில் அது மிகக் குறைவு. பிறகு கலந்தால்தான் உண்டு. சுரப்பியின் இந்தப் பசியைப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் அமெரிக்க மருத்துவர் சோல் ஹேர்ட்ஸ். 1941 மார்ச் 31 அன்று பொஸ்ரன் நகரில், தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரந்த ஒருவருக்கு அவர் கதிரியக்க அயடினைக் கொடுத்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த முறை மாறவில்லை. தைரொயிட் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே முன்வரிசையில் இருக்கும் புற்றுநோய்களில் ஒன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் எஞ்சிய கலங்களை அழிக்க அவர்களிற் பலருக்குக் கொடுக்கப்படுவது அயடின்-131. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகத் தேய எடுக்கும் காலம், எட்டு நாள் என்பதால் மருந்து எவ்வளவு தூரமும் தாங்கும். நோயாளிதான் அந்தத் தூரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரம் அயடின் குறைந்த உணவு மட்டுமே உண்ண வேண்டும். சுரப்பி பட்டினி கிடந்தால்தான் மருந்தை அள்ளிக்கொள்ளும். கடல் மீன், இறால், நண்டு, கருவாடு, அயடின் உப்பு எதுவும் ஆகாது. பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு மீனவக் குடும்பத்தின் அடுக்களையில் இது எப்படி நடக்கும்? உப்புக்கு எந்த உப்பு, மீனுக்குப் பதிலாக என்ன என்று அந்த வீட்டுச் சாப்பாட்டை அறிந்த ஒருவர் தமிழில் விளக்கிச் சொல்லாவிட்டால், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை வரை போனவர் சிகிச்சை தள்ளிப்போடப்பட்டுத் திரும்ப நேரலாம். இதற்குப் பல கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் இத்துறையில் வந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று, கொடுக்காமல் விடுவது எப்போது என்பதைக் கண்டுபிடித்தது. 2012இல் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் தனித்தனியே நடந்த இரண்டு ஆய்வுகள், தீவிரம் குறைந்த தைரொயிட் புற்றுநோய்க்கு வழக்கமான அளவின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அயடினே போதும் என்று காட்டின. பத்தாண்டு கழித்து, 2022இல் பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆபத்து மிகக் குறைந்த நோயாளிகளில் அயடின் கொடுத்தவர்கள் மூன்று ஆண்டுகள் சிக்கலின்றி இருந்தது நூற்றுக்கு 95.9 பேர், கொடுக்காமல் கண்காணித்தவர்களில் 95.6 பேர். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். கொழும்பில் இருப்பவருக்கு இந்த முடிவு ஒரு மருந்தையும் இரண்டு நாள் தனிமையையும் மிச்சப்படுத்தும். மன்னாரில் இருப்பவருக்கு அதோடு அறுநூறு கிலோமீற்றர் பயணம், துணைக்கு வருபவரின் ஒரு வாரக் கூலி, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுப்போகும் சங்கடம் எல்லாமே மிச்சம். தென் கொரியாவின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே கழுத்து ஸ்கேன் சாதாரணமானதும் 1993க்கும் 2011க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் பதினைந்து மடங்கு கூடியது. அந்த நோயால் இறந்தவர்களின் வீதம் மட்டும் அசையவே இல்லை. தீங்கு செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். ‘படம் பிடிக்கும் வசதி கூடினால் நல்லதுதானே’ என்பவருக்கு இதுதான் என் பதில்: யாருக்கு எடுக்க வேண்டும் என்ற தெளிவும் சேர்ந்து வந்தால் நல்லது.

அயடின் கிடைத்த பிறகும் தூரம் விடுவதில்லை. அதிக அளவு மருந்து பெற்றவரின் உடலிலிருந்து சில நாட்கள் கதிர் வெளிப்படும். அதனால்தான் தனி அறை. வீடு திரும்பிய பின்னும் சிறு குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் கொஞ்ச நாள் விலகியிருக்கச் சொல்கிறார்கள். கொழும்புக்கு அருகே நுகேகொடைக்குப் போகிறவர் அரை மணித்தியாலத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். திருக்கேதீஸ்வரத்துக்கு வருகிறவர், தோளோடு தோள் இடிக்கும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் யார் என்று தெரியாமல், எட்டு மணித்தியாலம் உட்கார வேண்டும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளை உடலில் எஞ்சிய கதிரின் அளவோடு, போகவேண்டிய பாதையின் நீளத்தையும் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

கண்டறியும் பக்கத்தில், உலகெங்கும் அணு மருத்துவத்தின் அன்றாட வேலைக்காரன் தெக்னீசியம்-99எம். எலும்பு, இருதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும் பொருளை வெளிநாட்டிலிருந்து எப்படித் தருவிப்பது? அதை அனுப்புவதில்லை; அதன் தாயை அனுப்புகிறார்கள். மொலிப்டினம்-99 அறுபத்தாறு மணித்தியாலத்தில் பாதியாகி, ஆகும்போதே தெக்னீசியத்தைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும். அது அடங்கிய ஈயக் குடுவையில் உப்புநீரைச் செலுத்தினால் அன்றன்று வேண்டிய தெக்னீசியம் கழன்று வரும். இத்துறையினர் அந்தக் குடுவையைப் பசு என்றும் அந்த வேலையைப் பால் கறப்பது என்றும் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு பசு வந்தால் யாழ்ப்பாணம் போன்ற ஒரு நகரத்துக்குப் போதும். ஆனால் வாரம் தவறாமல் வர வேண்டும். 2009இல் கனடாவின் சோக் றிவர் அணு உலை பழுதாகி நின்றபோது பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளே ஸ்கேன் திகதிகளைத் தள்ளிப்போட்டன. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பழைய உலைகளை நம்பித்தான் அன்றைக்கு உலகம் இருந்தது.

தாயை அனுப்பும் இதே உத்திதான் இன்றைய புரொஸ்ரேட் சிகிச்சைக்கும் வழி திறந்திருக்கிறது. புரொஸ்ரேட் புற்றுக் கலங்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைப் போய்ப் பற்றும் மூலக்கூறில் கலியம்-68ஐ ஒட்டிப் படமெடுக்கிறார்கள். 2020இல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் இந்தப் படம் நோய் பரவலை நூற்றுக்கு 92 தடவை சரியாகச் சொன்னது, வழக்கமான சி.ரி., எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து 65 தடவைதான். கலியம் அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதன் தாயான ஜேர்மானியத்தின் அரைவாழ்வு 271 நாள். கதிரியக்க அணுக்களை உருவாக்கும் சைக்ளோட்ரன் இயந்திரம் இல்லாத ஊருக்கும் ஒரு குடுவை பல மாதங்களுக்குக் கறக்கும். நோய் இருக்கும் இடம் தெரிந்தபின் அதே புரதத்தைப் பற்றும் மூலக்கூறில் லுட்டீசியத்தை ஒட்டினால் அது சிகிச்சை. 2021இல் வெளியான, 831 பேர் பங்கேற்ற ஆய்வில், முற்றிய நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாயிற்று. நாலு மாதம். அதிசயம் என்று எழுதுவதற்கு இது போதாது. அந்த நாலு மாதத்தை வேண்டாம் என்று சொல்பவரும் அரிது. லுட்டீசியம் இந்தியாவில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துருவா உலையிலேயே உற்பத்தியாகிறது. தலைமன்னாரிலிருந்து கடல் வழியே முப்பது கிலோமீற்றரில் இருக்கும் நாடு அது.

பொருளாதார நெருக்கடியில் பரசிற்றமோலுக்கே திண்டாடிய நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2021இல் லான்செற் மருத்துவ இதழின் புற்றுநோய் ஆணைக்குழு இதைக் கணக்கிட்டது. உலகெங்கும் படமெடுக்கும் வசதியை மட்டும் விரிவாக்கினால், பதினொரு வகைப் புற்றுநோய்களால் பத்தாண்டில் நேரும் மரணங்களில் நூற்றுக்கு 3.2 தவிர்க்கப்படும், சிகிச்சையும் பராமரிப்புத் தரமும் சேர்ந்து உயர்ந்தால் 12.5. இயந்திரம் மட்டும் வந்தால் கால்வாசிப் பயன்தான் என்று இதை வாசிக்கிறேன். நம் மக்கள் கொடுக்கத் தயங்கியதே இல்லை. 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் மகரகமைக்கு ஒரு பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்கக் கதீஜா அறக்கட்டளை 20 கோடி ரூபாய் இலக்கு வைத்துக் கைநீட்டியபோது, நாடு முழுவதிலும் இருந்து காசு வந்தது. இரண்டுமே பெருமைப்பட வேண்டியவை. ஆனால் வாரா வாரம் வாங்க வேண்டிய மொலிப்டினக் குடுவைக்காகவும், கதிரளவைச் சரிபார்க்கும் மருத்துவப் பௌதிகவியலாளரின் சம்பளத்துக்காகவும், இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்காகவும் யாரும் நடைபயணம் போவதில்லை. அது அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் வரவேண்டிய செலவு. பேராதனை, கொழும்பு, காலி, மகரகமை என்று தெற்கிலும் மலைநாட்டிலும் ஊன்றிய இத்துறை வடக்கே நிலைத்து நிற்பதும் அந்தச் செலவைப் பொறுத்ததே.

இன்னொரு தடை, பெயரில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் ‘அணு’ என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. என்பதன் முதல் பெயரிலும் ‘அணுக்கரு’ இருந்தது. நோயாளிகள் மிரளக்கூடும் என்று மருத்துவர்கள் அதை மெல்லக் கழற்றிவிட்டார்கள், இத்தனைக்கும் அதில் கதிரியக்கமே கிடையாது. எலும்பு ஸ்கேனில் கிடைக்கும் கதிரளவு ஏறக்குறைய நாலு மில்லிசீவேர்ட். பூமியிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டொன்றுக்கு இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. ஏறக்குறைய இரண்டு வருட இயற்கைக் கதிர் ஒரே நாளில் வருகிறது. காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கும், காரணம் இருந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்கும் அதே எண்தான் ஆதாரம்.

அப்படியானால் மன்னாருக்கே ஒரு பெற் ஸ்கேன் கேட்கலாகாதா? தொடக்கத்தில் போட்ட கணக்கு வேண்டாம் என்கிறது. புளோரின்-18 நூற்றுப்பத்து நிமிடத்தில் பாதியாகும். அருகே சைக்ளோட்ரன் இல்லாத இயந்திரம் விமானத்தையும் வீதியையும் நம்பிக் கிடக்கும். தாங்கும் மருந்துகள் வடக்கே வரட்டும். தாங்காத இந்த ஒன்றுக்காக நோயாளி தெற்கே போகட்டும். போகிறவரின் பயணம் மட்டும் சிகிச்சையின் ஒரு பகுதியாகத் திட்டமிடப்பட வேண்டும். புளோரினை ஏற்றிக்கொண்டு போவது ஒரு வகைக் குளுக்கோஸ். கடுமையாக உழைக்கும் எந்தக் கலமும் அதை உறிஞ்சும். புற்றுக் கலம் உறிஞ்சும். காசநோய் தொட்ட நெஞ்சுக் கணுவும் உறிஞ்சும், நம் நாடுகளில் அது புற்றுநோய் போலவே படத்தில் ஏமாற்றும். அதனால் ஆறு மணித்தியாலம் பட்டினி, முதல் நாள் கடும் வேலை கூடாது, ஊசி ஏற்றியபின் ஒரு மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் விதி. 2015இல் தலைமன்னார் வரை மீண்ட ரயில் திருக்கேதீஸ்வரத்திலும் நிற்கிறது. அதில் படுத்துறங்க ஓர் இடமும், வைத்தியசாலை அருகே முதல்நாளே தங்க ஒரு மடமும், மாலை ரயிலைப் பிடிக்கத் தக்க நேரத்தில் ஸ்கேனும் ஏற்பாடாகியிருந்தால் படம் துல்லியமாக வரும். இல்லாவிட்டால், சன நெரிசலில் இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவரின் கால் தசைகளும் அந்தப் படத்தில் ஒளிரக்கூடும்.