பெரிய படிப்பு இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது



முன்பெல்லாம் பல்கலைக்கழகம் என்றால், நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் கட்டடம்தான். இப்போது அப்படி இல்லை. விஞ்ஞானக் கண்காட்சி, ஆங்கில முகாம், சாதாரண தரக் கருத்தரங்கு, தலைமைத்துவப் பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வளாகத்துக்குள்ளேயே அழைக்கிறார்கள். அந்த நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, "நானும் இங்க படிக்க வரணும்" என்ற எண்ணம் பிறக்கும். அதற்கு விலையே இல்லை.

ஆகவே பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. அனுப்புங்கள். ஆனால் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைக்குமுன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இதுதான்: "பெரிய எடம்தானேங்க, படிச்சவங்க இருக்கிற எடம், அவங்க பாத்துக்குவாங்க." இடத்தின் பெயரை மட்டும் நம்பிப் பிள்ளையை விடக்கூடாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம்.

வளாகம் பள்ளிக்கூடம் மாதிரி இல்லை

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேட் உண்டு. அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளின் முகம் தெரியும். பல்கலைக்கழகம் பெரியவர்கள் படிக்கும் இடம். அங்கே வயது வந்தவர்கள் தங்கள் பாட்டில் வருவார்கள், போவார்கள்.

நமக்குக் கிட்ட இருக்கும் பேராதனையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம். பெரிய தோட்டம் ஒன்றைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே கலஹா வீதி போகிறது. பக்கத்தில் மகாவலி ஓடுகிறது. சரசவி உயன என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. விரிவுரையாளர், மாணவர், வேலையாட்கள், பார்க்க வருகிறவர்கள் என்று தினமும் எத்தனையோ பேர். நம்ம லயத்துப் பக்கம் தெரியாத ஆள் ஒருவர் வந்தால், "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று பத்துப் பேர் கேட்போம். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு பிள்ளை தனியாக நடந்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆள் இருக்காது. அதனால் பிள்ளைக்குப் பொறுப்பு யார் என்பது, போகுமுன்னேயே முடிவாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே ஜெரி சண்டஸ்கி என்பவர் அமெரிக்கக் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர். ஊரே மதித்த ஆள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவுவதற்கென்று 1977இல் ஒரு தர்ம ஸ்தாபனத்தையும் தொடங்கினார். அதற்கு வந்த ஏழைச் சிறுவர்களோடு பழகினார். பரிசு கொடுத்தார், போட்டி பார்க்கக் கூட்டிப்போனார், வளாகத்து உடற்பயிற்சி இடத்துக்கும் கூட்டிப்போனார்.

1998இல் ஒரு தாய், 11 வயது மகன் தலை ஈரத்தோடு வீடு வந்ததைக் கண்டு விசாரித்தார். அந்த மனிதர் தன்னோடு சேர்ந்து குளித்ததாக மகன் சொன்னான். தாய் உடனே பல்கலைக்கழகப் பொலிஸில் முறையிட்டார். விசாரணை நடந்தது, வழக்குப் போடவில்லை. 1999இல் அவர் ஓய்வு பெற்றார். ஆனாலும் வளாகத்துக்குள் போய்வர அவருக்குத் தடை இல்லை.

2001இல் அங்கு வேலை செய்த ஓர் இளைஞர், குளியலறையில் அவரை ஒரு சிறுவனோடு தவறான நிலையில் கண்டார். தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் தனக்கு மேலே உள்ளவரிடம் சொன்னார். பேச்சு இப்படியே மேலிடம் வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. பொலிஸுக்குப் போகவில்லை. பிள்ளைகளை இனி வளாகத்துக்குக் கூட்டி வராதே என்று சொல்லிவிட்டதோடு சரி.

அந்த மனிதர் கைதானது 2011இல். நடுவில் 10 வருடம் போய்விட்டது. 2012இல் 10 சிறுவர்கள் சம்பந்தப்பட்ட 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 30 முதல் 60 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் உட்பட மூன்று பெரிய அதிகாரிகளும், சிறுவர்களை ஆபத்தில் விட்ட குற்றத்துக்காக 2017இல் தண்டிக்கப்பட்டார்கள்.

இதிலே தோட்டத்து மக்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கங்காணியிடம் சொன்னோம், கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார், கணக்கப்பிள்ளை தொரையிடம் சொன்னார் என்று நாமும் சொல்வதுண்டு. கூரை ஒழுகுகிறது என்றால் அந்த வழி சரி. பிள்ளைக்குக் கேடு என்றால் அந்த வழி மட்டும் போதாது. அந்த மாநிலத்திலும் முன்பு, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டால் ஊழியரின் கடமை முடிந்தது என்றே சட்டம் இருந்தது. 2014இல் அதை மாற்றினார்கள். இப்போது பிள்ளைகளோடு வேலை செய்கிறவர், சந்தேகம் வந்தால் தானே நேராக அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலதிகாரி.

பிறகு வந்த ஒழுங்குகள்

இதற்குப் பிறகு அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வரும் நிகழ்ச்சிகளுக்கு எழுத்தில் ஒழுங்குகள் வைத்தன. எந்த நிகழ்ச்சியானாலும் முன்கூட்டிப் பதிய வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும், அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கவே கூடாது. இரண்டு பெரியவர் வேண்டும், அல்லது மற்றவர் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. அங்குள்ள முகாம் சங்கத்தின் கணக்குப்படி, இராத்தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரையான 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேற்பட்ட வயதில் 10 பேருக்கு ஒருவர்.

இதில் பலதும் பெரிய செலவில்லாத காரியம்தான். நம்ம நாட்டிலும் கேட்கலாம்.

நம்ம நாட்டுச் சட்டம்

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, சிறுவருக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். 1998இன் 50ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. அதன்படி 18 வயதுக்குக் குறைந்த எல்லோரும் சிறுவரே. உயர்தரம் படிக்கும் 17 வயது மகனும் சிறுவன்தான்.

2006இல் இன்னொரு திருத்தம் வந்தது. ஓர் இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அங்கே சிறுவர் துஷ்பிரயோகம் நடப்பது தெரிந்தால், கிட்டவுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். "எங்க எடத்துப் பேர் கெட்டுடும்" என்று மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கையொப்பம் வைக்குமுன் கேளுங்கள்

1. நிகழ்ச்சியை நடத்துவது யார்? பல்கலைக்கழகமா, மாணவர் சங்கமா, அல்லது மண்டபத்தை மட்டும் வாங்கி வெளியார் நடத்துகிறார்களா? பள்ளிக்கூட அதிபருக்குத் தெரியுமா?
2. கூடப் போகும் ஆசிரியர் யார்? பொம்பளைப் பிள்ளைகள் போனால் ஆசிரியை ஒருவர் போகிறாரா? எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர்?
3. இராத்தங்கினால் எங்கே? ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வேறு வேறு இடமா? மாணவர் விடுதியென்றால், அதே நாளில் பெரிய மாணவர்களும் அங்கே இருக்கிறார்களா? இராத்திரி பொறுப்பு யாருக்கு?
4. தமிழ் பேசும் பொறுப்பாளர் உண்டா? வயிற்றுவலி என்று சொல்லவும், பயமாக இருக்கிறது என்று சொல்லவும் பிள்ளைக்குப் பாஷை வேண்டும்.
5. ஆற்றுப் பக்கம் கூட்டிப்போவார்களா? அப்படியானால் யார் காவல்?
6. திரும்ப எத்தனை மணிக்கு? பஸ் எங்கே இறக்கிவிடும்? மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இருட்டில் நடக்க வேண்டியிருந்தால், கூட்டிவர யார் போவது என்பதை முதலே பேசி வையுங்கள்.

இதைக் கேட்க ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் அரைப் பேர் போய்விடுமே என்று தயங்குவீர்கள். ஒரு டிவிசனிலிருந்து நாலு பிள்ளை போவதென்றால், நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒருவர் போய்க் கேட்டு வரலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர் சந்தோசமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லாமல் மழுப்பினால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்

வீட்டுப் போன் நம்பரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். போனில் பதிந்திருந்தால் மட்டும் போதாது, போன் தொலையலாம். கழிப்பறைக்குப் போனாலும் கூட்டாளியோடு போகச் சொல்லுங்கள். யாராவது தனியாகக் கூப்பிட்டால், "டீச்சர்கிட்ட சொல்லிட்டு வாறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். பரிசு கொடுத்து "வீட்டுக்குச் சொல்லாதே" என்றால், அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்று விளங்கப்படுத்துங்கள். போட்டோ, நம்பர் கேட்கும் புது "அண்ணா", "அக்கா" விஷயத்திலும் அப்படியே. ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பயம் என்று விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகளே.

பிள்ளை ஏதாவது சொன்னால்

திரும்பி வந்த பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால், அடுப்படியில் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். அடிக்காதீர்கள், "நீ ஏன் போனே?" என்று கேட்காதீர்கள். உடம்புக்குக் கேடு நடந்திருந்தால், போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

1929 என்ற நம்பருக்குப் போன் எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர். காசு போகாது, இராப் பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் சொல்லலாம். பொலிஸ் அவசரத்துக்கு 119. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். எங்களிடமும் சொல்லுங்கள், கூடவே வருகிறோம். ஆனால் எங்களிடம் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். தலைவர் முன்னால் பேசித் தீர்க்கலாம், மானம் போகும், மூடி வைப்போம் என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். இன்று மூடி வைத்தால், நாளைக்கு அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

பயத்தினால் பிள்ளையின், முக்கியமாகப் பொம்பளைப் பிள்ளையின், பயணத்தை நிறுத்தும் வீடுகள் நம்மிடம் உண்டு. அந்தப் பயத்தை இந்த ஆறு கேள்விகளாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் வந்தால், சோற்றைக் கட்டிக் கொடுத்து, சந்தோசமாகப் பஸ் ஏற்றி விடுங்கள்.