பயில்வான் பாஸாவாரா?

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியவிடாமல் எதிராளியைப் பாய்ந்து அமுக்கவென்றே ஓர் ஆள் உண்டு. அமுக்கினால் 'சாக்'. இந்த வேலைக்குக் கல்லூரிப் பையனை எடுப்பது இருக்கிறதே... நம்ம ஆபீஸ் இன்டர்வியூ தோற்றது, போங்கள்!

வெர்னான் கோல்ஸ்டன் 102 கிலோவை 37 தடவை தூக்கிக் காட்டினார். 2007 கல்லூரி சீஸனில் 14 சாக் வேறு. 2008-ல் ஜெட்ஸ் அணி 6-வது ஆளாகக் கொத்திக்கொண்டு போனது. மூணு சீஸன் ஆடினார். எத்தனை சாக்? முட்டை!

கானாக்காரர் ஸிக்கி அன்சா 2010-ல்தான் இந்த ஆட்டத்தையே தொட்டார். கல்லூரியில் மொத்தமே 4.5 சாக். ஆனால், சீனியர் பௌல் ஆட்டத்துக்காக லயன்ஸ் கோச்சுகளே அவரிடம் வேலை வாங்கிப் பார்த்திருந்தார்கள். 2013-ல் 5-வதாக எடுத்தார்கள். 2015-ல் மட்டும் 14.5!

என்னைக் கேட்டால், தூக்குகிற கிலோவைவிட, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறானா என்பதுதான் முக்கியம். அது மார்க் ஷீட்டில் வராது சார்!