கிருமி பொதுச்சொத்து, தடுப்பூசி?

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசியா எடுத்த ஒரு முடிவு உலக மருத்துவ வட்டாரத்தையே பதற வைத்தது. தன் நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார அமைப்பின் ஆய்வகங்களுக்கு இனி அனுப்ப மாட்டோம் என்று அந்நாடு சொல்லிவிட்டது. எச்5என்1 எனப்படும் அந்த வைரஸுக்கு மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்திருந்த நாடும் அப்போது இந்தோனேசியாதான். சுகாதார அமைச்சர் சித்தி ஃபடிலா சுபாரி எழுப்பிய கேள்வி எளியது. நாங்கள் இலவசமாகக் கொடுத்த வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிக்கிறது. நாளை கொள்ளைநோய் பரவினால் அதை வாங்க எங்களிடம் பணமும் இருக்காது, வரிசையில் இடமும் கிடைக்காது. இதில் என்ன நியாயம்?

கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால், தடுப்பூசி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நோயாளியின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி உள்நாட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கிருந்து லண்டன், அட்லாண்டா, மெல்பர்ன், டோக்கியோ போன்ற நகரங்களில் உள்ள மையங்களுக்குப் பறக்கிறது. 1952 முதல் இயங்கும் இந்த வலைப்பின்னல்தான் ஆண்டுக்கு இருமுறை, எந்த வகை வைரஸுக்கு எதிராக ஃப்ளூ தடுப்பூசி தயாரிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசிக்கான வைரஸை, கருவுற்ற கோழி முட்டைக்குள் செலுத்தித்தான் வளர்க்கிறார்கள். பறவைக் காய்ச்சல் வைரஸோ முட்டைக்குள் இருக்கும் கருவையே கொன்றுவிடும். அதனால் முதலில் மரபணுவை மாற்றி அதன் வீரியத்தைக் குறைக்க வேண்டும். இந்தத் திறமையும் கருவிகளும் பணக்கார நாடுகளிடம் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த வைரஸ் மாதிரி வராவிட்டால் இத்தனை திறமையும் எதன்மீது வேலை செய்யும்?

மாதிரிகளை நிறுத்தி வைத்தது ஆபத்தான செயல் என்பதே என் கருத்து. வைரஸ் எப்படி உருமாறுகிறது என்று தெரியாமல் போனால் முதலில் பலியாவது இந்தோனேசியாவின் ஏழைகள்தான். ஆனால் அந்தச் செயலைக் கண்டித்தவர்களில் பலர், அதன் பின்னாலிருந்த முறையீட்டுக்குப் பதில் சொல்லவில்லை. ஆபத்து எல்லோருக்கும் பொது என்றால் கடமையும் பொதுவாகத்தான் இருக்க முடியும். உலக நன்மைக்காக உன் வைரஸைக் கொடு என்று ஒரு நாட்டிடம் கேட்டுவிட்டு, அதிலிருந்து பிறக்கும் தடுப்பூசியைச் சந்தையில் போய் வாங்கிக்கொள் என்று சொல்வது ஒத்துழைப்பு ஆகாது. அமைச்சரின் அச்சம் வீண் அல்ல என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, பணக்கார நாடுகள் முன்பதிவு ஒப்பந்தங்களால் தடுப்பூசியின் பெரும்பகுதியைத் தங்களுக்கென வளைத்துப் போட்டிருந்தன. ஆஸ்திரேலிய அரசு தன் நாட்டு நிறுவனத்திடம், உள்ளூர்த் தேவை முடிந்த பிறகே அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றது. நட்பு நாட்டுக்கே அந்த நிலை.

இந்தோனேசியாவின் பிடிவாதம் வீண்போகவில்லை. நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2011 மே மாதத்தில், உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஒரு புதிய ஏற்பாட்டை ஏற்றது. வைரஸ் மாதிரிகள் போகும் அந்த ஆய்வக வலைப்பின்னலைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதன் நடைமுறைச் செலவில் பாதியைத் தர வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கை உலக சுகாதார அமைப்புக்கு நன்கொடையாகவோ கட்டுப்படியாகும் விலையிலோ ஒதுக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் பல இதில் கையெழுத்திட்டன. லாபம் குறைந்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

குறை என்னவென்றால், இந்த ஏற்பாடு கொள்ளைநோயாக மாறக்கூடிய ஃப்ளூ வைரஸ்களுக்கு மட்டுமே பொருந்தும். கொரோனா வந்தபோது மறுபடியும் பழைய கதைதான். உலக நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளிக்க உருவாகி, 2021 முடிவதற்குள் 200 கோடி தவணைகளை வழங்குவதாகச் சொன்ன கோவாக்ஸ் திட்டத்தால் அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரான் வகையைக் கண்டறிந்து ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தில் அப்போது தடுப்பூசி முழுமையாகப் போட்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பணக்கார நாடுகளிலோ மூன்றாம் தவணை போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன நாட்டுக்கு உலகம் தந்த பரிசு விமானத் தடை. அடுத்த முறை இன்னொரு நாடு வாயைத் திறக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு யார் பொறுப்பு?

தன் குடிமக்களைக் காப்பதுதானே ஓர் அரசின் முதல் கடமை என்ற கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நாமே அந்த இடத்தில் நின்றோம். இரண்டாம் அலை தலைதூக்கிய 2021 மார்ச்சில் இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை ஏறக்குறைய நிறுத்தியது. புனேயில் தயாரான தடுப்பூசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இரண்டாம் தவணை தடைப்பட்டது. இங்கே ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த முடிவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தன் வீட்டு நெருப்பை அணைக்கத் தண்ணீரை நிறுத்தி வைப்பது வேறு, எரியாத வீட்டின் தொட்டியை நிரப்பிப் பூட்டி வைப்பது வேறு. மக்கள்தொகைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு தவணைகளை முன்பதிவு செய்த நாடுகள் இரண்டாவதைத்தான் செய்தன. தன் நாட்டு முதியவரும் செவிலியரும் பாதுகாக்கப்பட்ட பிறகும், ஆரோக்கியமான இருபது வயது இளைஞனுக்கு அடுத்த தவணை வேண்டும் என்று அரசு பிடித்து வைத்தால், அதனால் இன்னொரு கண்டத்தில் ஒரு செவிலியர் பாதுகாப்பில்லாமல் பணிக்குப் போகிறார். குடிமக்கள் மீதான கடமை என்ற பெயரால் இதை நியாயப்படுத்த முடியாது.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம் இந்தக் கணக்கை நேர்செய்யப் பார்க்கிறது. இதில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்க முயல வேண்டும். அதில் குறைந்தது பாதி நன்கொடை. இது நாடுகளின் இறையாண்மையைப் பறித்துவிடும் என்ற பிரசாரம் பொய். ஊரடங்கு போடவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ அந்த அமைப்புக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் வைரஸ் எப்படிக் கைமாறும், அதற்கு ஈடாக எது எப்போது திரும்பி வரும் என்ற பகுதி மட்டும் தனி இணைப்பாகப் பின்னால் பேசிக்கொள்ள ஒத்திவைக்கப்பட்டது. அந்த இணைப்பு ஏற்கப்பட்டால்தான் ஒப்பந்தம் கையெழுத்துக்கே வரும். 2007-இல் இந்தோனேசியா கேட்டதும் அதே பகுதியைத்தான். அந்த இணைப்பில் ‘முயல வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘தர வேண்டும்’ என்று எழுதச் சொல்லி வளரும் நாடுகள் உறுதியாக நிற்க வேண்டும். தடுப்பூசியை வாங்குபவராகவும் விற்பவராகவும் இருந்து பார்த்த இந்தியா அதில் முன்வரிசையில் நிற்க வேண்டும்.