தள்ளிவிட ஓர் ஆள்

பழைய ஃபெராரி ஒன்றை மீட்டெடுக்க நட்பு தேவையில்லை, பணம் இருந்தால் போதும். வண்டியின் விலையே கோடிகளில் இருப்பதால், பழுதுபார்க்கும் செலவை விற்கும்போது எடுத்துவிடலாம். அதனால்தான் அதற்கென்று தனிப் பட்டறைகளும் ஏல நிறுவனங்களும் தாமாகவே முளைத்தன. 1960-களின் பந்தய கோ-கார்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வளைத்து வெல்டிங் செய்த குழாய்ச் சட்டம், நான்கு குட்டிச் சக்கரம், இருக்கைக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அவ்வளவுதான் வண்டி. அதைப் புதுப்பிக்கும் உழைப்புக்கு நியாயமான கூலி போட்டுப் பார்த்தால், முடிந்து நிற்கும் வண்டியின் விலையை அது எளிதில் தாண்டிவிடும். லாப நஷ்டக் கணக்குப்படி என்றோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய பொருள். ஆனாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தாலியிலும் அந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பழமை மோகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மோகம் ஆளை வாங்க வைக்கும். எஞ்சினை ஓட வைக்காது. சந்தை கைகழுவிய ஒரு பொருளுக்கு, சந்தை செய்ய வேண்டிய வேலையை இங்கே நட்பு செய்கிறது என்பதே என் எண்ணம்.

கார்ட் பிறந்த விதமே இதற்குப் பாதிக் காரணம். 1956-இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில், கர்ட்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கல்ஸ், நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து முதல் கார்ட்டைக் கட்டினார். அதில் மாட்டியது புல்வெட்டும் இயந்திரத்துக்கான வெஸ்ட் பெண்ட் எஞ்சின். பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்து வாகன நிறுத்தத்தில் அது ஓடுவதைப் பார்த்தவர்கள் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். டஃபி லிவிங்ஸ்டனும் கூட்டாளிகளும் தொடங்கிய கோ கார்ட் நிறுவனம் வண்டியை உதிரிகளாகவே விற்றது. வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 1959-இல் மரம் அறுக்கும் செயின்-ரம்பம் செய்த மெக்கல்லக் நிறுவனம் கார்ட்டுக்கென்றே ஓர் எஞ்சினை இறக்கியதும் வேகம் ஏறியது. சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். பலர் சில ஆண்டுகளிலேயே காணாமலும் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வரைபடங்களும் கையேடுகளும் சொற்பம். தகவல் மிஞ்சியிருப்பது அன்று ஓட்டியவர்களின் தலைக்குள்ளும், பரணில் கிடக்கும் வண்டிகளிலும்தான்.

அந்தத் தகவல் எவ்வளவு நுட்பமானது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால், வளைவில் உட்பக்கப் பின் சக்கரம் சற்றே தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்புவது சட்டத்தின் முறுக்கம். ஆகவே விரிசல் விட்ட குழாயை ஊருக்கே கெட்டிக்கார வெல்டர் ஒட்டினாலும், கனம் கூடிய குழாயை வைத்துவிட்டால் வண்டி பார்க்கப் பழையதாக இருக்கும், ஓட்டத்தில் வேறு பிறவியாகிவிடும். எந்தத் தயாரிப்பில் எந்த இடம் வளைய வேண்டும் என்பதை அதை ஓட்டிய கைதான் சொல்லும். எஞ்சினும் அப்படியே. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்குப் பழகிய அதே டூ ஸ்ட்ரோக் தத்துவம்தான்; ஆனால் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடித்து வளர்ந்த எஞ்சின்கள் பல. பல ஆண்டு சும்மா கிடந்தால் எண்ணெய் பிசினாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியம் வார்ப்பு ஈரத்தில் அரித்துப்போகும். பல கார்ட்டுகளில் இருந்த டில்லட்சன் கார்புரேட்டர் செயின்-ரம்ப உலகத்திலிருந்து வந்தது. அதன் டயஃப்ரத்தை ரம்பம் பழுதுபார்க்கும் கடையில் கேட்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், இன்னொருவருக்குப் பல மாத அலைச்சல் மிச்சம். கிளட்ச் இல்லாத ஐரோப்பிய வகை கார்ட்டைக் கிளப்ப, வழக்கமாக ஒருவர் உட்கார இன்னொருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார். சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியானாலும் பின்னால் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அன்றும் இருந்தது, ஆனால் அன்று போட்டி அல்லவா நடந்தது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அன்று எஞ்சின் தயாரிப்பவர் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்ற துளையை எவ்வளவு உயர்த்தினார் என்பதை மூச்சுவிட மாட்டார். அந்த ரகசியத்தில்தான் அவர் பிழைப்பு இருந்தது. இன்று சொல்கிறார் என்றால், வயதானதும் மனம் கனிந்துவிட்டது என்பதல்ல காரணம், பரிசு போய்விட்டது. அமெரிக்காவின் விண்டேஜ் கார்ட்டிங் அசோசியேஷன் நடத்தும் கூடல்களில் வண்டிகள் ஓடும், ஆனால் முதலிடம் யாருக்கு என்ற போட்டி இருக்காது. இந்த ஒரு விதி எவ்வளவு புத்திசாலித்தனமானது! கோப்பையை வைத்தால் மறுநாளே வாய்கள் மூடிக்கொள்ளும்; கிடைக்காத எஞ்சினைப் பிளந்துவிடும் அளவுக்கு முடுக்குவதும் தொடங்கும்.

கணினி லேத்தில் எதையும் கடைந்துவிடலாம், இனி ஆள் துணை எதற்கு என்பது இன்னொரு வாதம். பாகத்தைக் கடையலாம், உண்மை. ஆனால் ஒரே ஒரு பிஸ்டன் வார்க்க ஆகும் செலவை யாரும் தாங்க முடியாது. ஒரு தொகுதியாகச் செய்தால்தான் விலை கைக்கு எட்டும். அதே பிஸ்டன் தேவைப்படுகிற பத்து இருபது பேரைத் திரட்டி முன்பணம் வாங்கி, அளவு எடுக்கத் தேயாத ஒரு பழைய பிஸ்டனையும் இரவல் கேட்டு வாங்குவது யார்? புதிய இயந்திரம் நட்பைத் தேவையற்றதாக்கவில்லை. அதன் வேலையைத்தான் மாற்றியது. உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. பெயர்போன எஞ்சின்களுக்கு விலை ஏற ஏற, ஓட்டாமல் வாங்கிப் பூட்டிவைப்பவர் வருவார். விலை ஏறினால் பொருள் பிழைக்கும் என்பது ஃபெராரியில் சரி. இங்கே அது, இரவல் கொடுக்கும் கையைத்தான் முதலில் மடக்கும்.

மிகக் கடினமான ஆட்சேபம் வயது. 1960-களில் ஓட்டியவர்கள் இன்று எண்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களோடு இது முடிந்துவிடாதா? மெக்கல்லக் எஞ்சினைப் பொறுத்தவரை இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் "பழையது" என்ற எல்லை நகர்ந்துகொண்டே வருகிறது. 100 சிசி, கிளட்ச் இல்லாத எஞ்சின்களைச் சர்வதேசப் பந்தயங்களின் மேல் வகுப்புகளிலிருந்து விலக்கி 125 சிசி கேஎஃப் வகையைக் கொண்டுவந்தது 2007-இல்தான். அதனால் 1980-களிலும் 90-களிலும் அந்த 100 சிசி வண்டிகளில் வளர்ந்த, ஐம்பதைச் சுற்றிய ஒரு தலைமுறை இப்போது தன் பழைய கார்ட்டைத் தேடத் தொடங்கியிருக்கிறது. சட்டம், கார்புரேட்டர், தள்ளிக் கிளப்பும் முறை எல்லாமே முந்தியவர்களுக்குப் பழக்கமானவை, ஆகவே பேச இருவருக்கும் பொதுவான விஷயம் நிறைய. வேகத்தை இன்னும் மறக்காத இவர்களில் சிலர் கோப்பையையும் திரும்பக் கேட்கக்கூடும். முந்தியவர்கள் அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.